யாருக்கு மேலுக்கு முடியல?

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆசீர்வாதம் பேக்கரியில் இன்று காலை அரை பவுண்டு ரொட்டி கேட்டேன். கடைக்காரர் தாவீது உடனே எடுத்துத் தரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கு சார் மேலுக்கு முடியல?" என்று கேட்டார்.

வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "ம்" என்றேன். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுத்துக்கொண்டார்.

"பால்ல முக்கிக் குடுங்க சார். எண்ணெ கிண்ணெ ஆகாது. ரெண்டு நாள்ல எந்திரிச்சி நடமாடிருவாவ."

தலையாட்டிவிட்டு வந்தேன். வீடு வரும்வரை உள்ளே கொதித்தது. என்ன அநியாயம் இது! பாளையங்கோட்டையில் ஒருவன் பரோட்டா வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை. அல்வா வாங்கினாலும் கேட்பதில்லை. ரொட்டி வாங்கினால் மட்டும் வீட்டில் யாராவது படுத்திருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் ரொட்டி. ரொட்டி என்றால் காய்ச்சல். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியிருக்கிறேன். இரண்டு பக்கமும் இவ்வளவு சுலபமாக ஓடுகிற வினையை நான் கண்டதில்லை.

நேர்மைக்காக ஒன்றைக் குறிக்க வேண்டும். சிறு வயதில் நானும் காய்ச்சலுக்கு மட்டுமே ரொட்டி தின்றவன். ஆனால் நான் யாரையும் போய்க் கேட்டதில்லை.

ரொட்டி வாங்கிய காரணம் எளியது. பிரமுவுக்கு முட்டுவலி. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடமாகக் காலையில் அவள்தான் அடுப்படியில் நின்றாள். இனிமேல் காலைச் சாப்பாடு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். இட்லி, தோசை வேண்டாம். அதற்கு முந்தின நாளே ஊறப்போட்டு, அரைத்து, நினைவாக உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். போன வாரம் ஒரே நாளில் மூன்று பாத்திரத்தில் உளுந்து ஊறியது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாண்ட்விச் என்றால் ஒரே ஆள், ஒரே நிற்பில் தொடங்கி முடித்துவிடலாம்.

ஆய்வுக்கூடப் பழக்கத்தில் குறித்து வைக்கிறேன்.

நோக்கம்: மதியம் வரை பசிக்காத காலை உணவு.

செய்முறை: உருளைக்கிழங்கு இரண்டு, வேகவைத்து மசித்தேன். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சள்பொடி, உப்புச் சேர்த்துப் பிரட்டினேன். தக்காளியை வட்டமாக நறுக்கினேன். எல்லாவற்றையும் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே அடைத்துத் தோசைக்கல்லில் சுட்டேன்.

முடிவு: வெளியே கரி, உள்ளே குளிர். தக்காளி நீர் விட்டு அடித்துண்டு கூழாகிவிட்டது. கையில் எடுத்தபோது பாதி தட்டிலேயே நின்றுவிட்டது.

பிரமு தட்டைப் பார்த்து, "ரொட்டியா? யாருக்கு மேலுக்கு முடியல?" என்றாள்.

இவளுமா!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிரமு இன்றும் அதே கேள்வியை அதே ஆச்சரியத்தோடு கேட்டாள். கேலிக்கும் ஓர் அளவு உண்டு.

சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். எனக்கு எது எங்கே என்று தெரியாதல்லவா. சாயங்காலம் பிரமு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்ப நேரமாயிற்று. பக்கத்துத் தெரு வரை போய்க் கூட்டி வந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குற்றம் ரொட்டியில்தான். தாவீது ரொட்டியை மெல்லிசாக வெட்டி வைக்கிறார். அது பாலில் முக்குவதற்கென்றே வெட்டியது, நோயாளிக்கென்றே வெட்டியது. அதன்மேல் ஒரு கரண்டி மசாலாவை வைத்தால் அதுவும் நோயாளி மாதிரியே படுத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான ஒரு மனிதன் கடித்துத் தின்பதற்கு இந்த ஊரில் ரொட்டி வெட்டுவார் இல்லை.

"கனமாக வெட்டித் தாருங்கள்." மூன்றே சொல். கடை வாசலில் நின்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், "டெங்குவா சார்?" என்றார். மூன்று சொல்லும் போய்விட்டன. மெல்லிசு ரொட்டியோடு வந்து சேர்ந்தேன்.

தக்காளி நீருக்கு வழி கண்டுபிடித்தேன். இரண்டு துண்டின் உட்புறமும் விளிம்பு வரை வெண்ணெய் தடவிவிட்டால் நீர் இறங்காது. கொழுப்பும் நீரும் சேராது என்பதை வருடந்தோறும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொன்னவன். என் தட்டில் அது தோன்ற எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வகுப்பிலும் அப்படித்தான். யாராவது கேள்வி கேட்டால் "நாளை சொல்கிறேன்" என்பேன். நாளை சரியாகச் சொல்லிவிடுவேன். ஆனால் நாளைதான்.

பிரமு டப்பா அலமாரியின் முன் வெகுநேரம் நின்றாள். பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். "ஒங்க கையெழுத்து மணி மணியா இருக்கு" என்றாள். அடுப்புக்கு மேலே சுவரில் "அடுப்பை அணை" என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். எனக்கும் எழுபத்து நான்கு ஆகிறது. மறதி வருகிற வயசுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எதிர்வீட்டு ஜெயசெல்வி ஆறு சாத்துக்குடியோடு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"எக்கா, யாருக்கு? சார் டெய்லி ரொட்டி வாங்குதாவன்னு பேக்கரியில சொன்னாவ. ஒங்களுக்கா?"

பிரமு சிரித்தாள். "எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவுகளுக்குத்தான். நாலு நாளா அடுப்படியவே சுத்திச் சுத்தி வாராவ. மனுசன் சரியில்ல."

நான் கரண்டியோடு நின்றிருந்தேன். ஆண்பிள்ளை கையில் கரண்டி இருப்பதையே ஜெயசெல்வி ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொண்டு, உச்சுக் கொட்டினார்.

"அதான பாத்தேன். எக்கா, செவ்வாக்கெழம கோயில் நடையில ஒங்களக் கூப்புட்டேன். யாரோ எவரோன்னு பாத்துட்டுப் போயிட்டிய. இந்தக் கவலதானா?"

பிரமு அவரையே பார்த்தாள். "கோயிலுக்கா? நானா?"

"ஆமா, ஆமா, என் கவலைதான்" என்று நான் குறுக்கே விழுந்தேன். குரல் ஓங்கித்தான் வந்தது. "எனக்கு வயித்துல ஒரு கோளாறு. ரொட்டியத் தவிர ஒண்ணும் ஏறல. அவ தூங்கியே ஒரு வாரமாச்சு. அதான் ஆள் தெரியாமப் போயிருப்பா."

"அய்யய்ய, சார் சொல்லவே இல்லியே!" என்று ஜெயசெல்வி சாத்துக்குடிகளை என் கையில் திணித்தார்.

அறுபது வருடமாக நான் பொய் சொல்லாதவன் என்று எழுத ஆசை. சொல்லியிருக்கிறேன்; ஆனால் இவ்வளவு சரளமாகச் சொன்னதில்லை. கோபம் ஜெயசெல்வி மேல். கோயில் நடையில் ஒருத்தி பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று கணக்கு வைத்துக்கொள்ள இவர் யார்? கூட்டத்தில் யார்தான் யாரைப் பார்க்கிறார்கள்?

ஆகஸ்ட் 9, சனி

தெருவில் நான்கு பேர் என் வயிற்றை நலம் விசாரித்தார்கள். நான்கு பேருக்கும் "இப்போது தேவலை" என்று சொன்னேன். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெற்றி. எனக்கே நம்பிக்கையில்லாமல் இரண்டாவது ஒன்று செய்து பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

வெண்ணெய் விளிம்பு வரை. அதன்மேல் புதினாவும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் அரைத்த துவையல், கெட்டியாக. அதன்மேல் உருளைக்கிழங்கு, ஒரு விரல் கனம். தக்காளியையும் வெள்ளரியையும் உருளைக்கிழங்கின் நடுவில் புதைத்துவிட வேண்டும். ரொட்டியைத் தொடவிடக் கூடாது. துண்டு மெல்லிசு என்பதால் அடியில் இரண்டு, மேலே இரண்டு. கல் சூடேறியதும் தீயைக் குறைத்து, ஓரத்தில் நெய் விட்டு வைத்து, மேலே பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து அழுத்தினேன். பக்கத்துக்கு நான்கு நிமிடம். செம்பை எடுத்தபோது ரொட்டி பொன்னிறமாக, செம்பின் வட்டம் அப்படியே பதிந்து இருந்தது.

பிரமு முதலில் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை. பிறகு இரண்டு முழு சாண்ட்விச் சாப்பிட்டாள். விரலில் ஒட்டிய துவையலை நக்கினாள். "இத எங்க படிச்சிய?" என்றாள். இந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு அவள் ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பார்த்தது இன்றுதான்.

நான் நடக்கப் போகும்போது இப்போதெல்லாம் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் போகிறேன். ரப்பர் குழாய் பழையது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மங்கை கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு வாரமா ரொட்டி வாங்கறீங்களாமே? ஜெயசெல்வி அத்தை போன் பண்ணிச் சொல்றாங்க. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சாண்ட்விச்."

"என்னது?"

"சாண்ட்விச் செய்யுதேன்."

நான் புற்றுநோய் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு திகைத்திருக்க மாட்டாள். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். குளிக்கிறாள் என்றேன். "போன வாரமும் குளிச்சிட்டுத்தான் இருந்தா" என்றாள். வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், மூன்று நாள் லீவு, வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பெற்ற மகள் வருவதற்கு ஒரு தகப்பன் ஏன் பயப்பட வேண்டும்? காரணத்தை எழுதிவிடுகிறேன். மங்கையின் மாமியாரைப் போன வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நானும் பிரமுவும் போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம்தான். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை மாட்டியிருந்தார்கள். சம்பந்தியம்மாள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எங்களுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தும் கும்பிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் பிரமு, "என்னய இப்பிடி எங்கயும் கொண்டு விட்ராதிய" என்றாள். அப்போது அவளுக்கு ஒன்றுமில்லை.

இப்போதும் ஒன்றுமில்லை. முட்டுவலி.

ஆகஸ்ட் 13, புதன்

மங்கை வருவதற்குள் செய்ய வேண்டியவை:

டப்பாச் சீட்டுகளைக் கிழிக்க வேண்டும். அடுப்புச் சீட்டு, குளியலறைக் குழாய்ச் சீட்டு, வாசற்கதவுச் சீட்டு ஆகியவற்றையும்.

பேரன் பெயர் கவின். பிரமுவுக்குக் காலையிலும் சாயங்காலமும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை சரியாகச் சொன்னாள். மூன்றாவது தடவை, "என்னய என்ன சின்னப்பிள்ளன்னு நெனச்சியளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபப்பட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபம் அப்படியே பழைய கோபம்.

என்ன வாழ்க்கை இது. சொந்த வீட்டில், சொந்த மகளுக்கு முன்னால், கல்லூரியைச் சோதிக்க வருகிறார்கள் என்று பீரோவைத் துடைத்து வைக்கிற மாதிரி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாசலில் மங்கையைக் கண்டதும் பிரமு கட்டிக்கொண்டு, "ஏட்டி, என்ன இப்பிடி மெலிஞ்சிட்ட?" என்றாள். "கவின் வரலியா?" என்று அவளாகவே கேட்டாள். எனக்குக் கண் கலங்கியதை மங்கை தவறாகப் புரிந்துகொண்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று சாண்ட்விச்சுக்கு மசாலா தயார் செய்தேன். ரொட்டியை எடுக்கக் கூடத்துக்குப் போய் வருவதற்குள் பிரமு அடுப்படியில் இருந்தாள். "உப்புப் பத்தல. போட்டுட்டேன்" என்றாள். எனக்கு உறைக்கவில்லை. மகள் வந்திருக்கிற மும்முரம்.

மங்கை முதல் கடி கடித்தாள். மெல்வது நின்றுவிட்டது. நானும் கடித்தேன். நாக்கில் பட்டதுமே தெரிந்தது: சோடியம் பைகார்பனேட். ஆப்ப சோடா. இரண்டு ஸ்பூனுக்குக் குறையாது. சீட்டைக் கிழித்தவன் நான். வெள்ளைப் பொடி இருக்கிற இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி.

"யாருப்பா உப்புப் போட்டது?"

பிரமு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

"நான்தான்" என்றேன்.

மங்கை எழுந்து போய்க் குப்பைக் கூடையில் அதைக் கொட்டினாள். அங்கேதான் நான் கிழித்துப் போட்ட சீட்டுகளும் இருந்தன. எரித்துவிட வேண்டும் என்று நினைத்து, நாளை எரிக்கலாம் என்று விட்டவை. ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். "உப்பு." "சர்க்கரை." "அடுப்பை அணை." "குழாயை மூடு." "சாவி இங்கே." எல்லாம் என் கையெழுத்து, மணி மணியாக.

"அப்பா, எத்தனை நாளா உங்களுக்கு இப்படி இருக்கு?" என்று கேட்டு அழுதாள்.

எனக்கு! ஆவர்த்தன அட்டவணையை இன்றும் தலைகீழாகச் சொல்கிற எனக்கு!

ஆனால் நான் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

மங்கை என்னை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். என் வயசில் பாதிகூட இருக்காது அவருக்கு. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், இது எந்த மாடி என்றெல்லாம் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். இரண்டு வரை போய் நிறுத்தினேன், அதற்குமேல் எதிர்மறை எண்ணா என்று கேட்டேன். கடிகாரம் வரையச் சொன்னார். வினாடி முள்ளும் சேர்த்து வரைந்தேன். எல்லாம் அவமானம். ஆரம்பத்தில் மூன்று சொல் சொல்லியிருந்தார். கடைசியில் திருப்பிக் கேட்டார்.

"ஆலமரம். கண்ணாடி."

மூன்றாவது வரவில்லை. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வைவாத் தேர்வில் பையன்கள் என் முன்னால் இப்படித்தான் வியர்த்திருப்பார்கள். "நாளை சொல்கிறேன்" என்றேன். பழக்க தோஷம். டாக்டர் மங்கையைப் பார்த்துத் தலையசைத்து, ஸ்கேனுக்கு எழுதினார்.

சாவி. மூன்றாவது சொல் சாவி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்தது.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. ஒருவேளை எனக்குத்தானோ? பிரமு சரியாகவே இருக்கிறாளோ? உளுந்தை மூன்று தடவை ஊறப்போட்டவன் நானோ? அப்படியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பிறகு, இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் எழுதியிருக்கிறது. எழுதாமல் விட்டதும் எழுதியிருக்கிறது.

சாயங்காலம் மங்கை தீர்ப்புச் சொன்னாள். "அப்பா இனிமே அடுப்புப் பக்கமே போகக் கூடாது. அம்மா, நீதான் பாத்துக்கணும். காஸ், கதவு, மாத்திரை, எல்லாம் உன் பொறுப்பு. செய்வேல்ல?"

பிரமு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் ஒருவர் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். "நான் பாத்துக்கிடுதேன். நீ கவலப்படாத" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் இருந்தது. பேசவில்லை. இத்தனை நாளாகத் தாவீதையும் ஜெயசெல்வியையும் திட்டி எழுதினேனே, இன்று என்னைத் திட்டி எழுத ஒரு சொல் அகப்படவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு நாற்றத்தில் விழித்தேன். மங்கை குளியலறையில். பிரமு அடுப்படியில், தலை வாரி, பொட்டு வைத்து, தன் பொறுப்பைச் செய்துகொண்டிருந்தாள். பால் பாத்திரம் அடுப்பில். குமிழ் முழுக்கத் திறந்திருந்தது. தீ இல்லை. அவள் கையில் லைட்டர். இது எதற்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடவில்லை. கத்தவில்லை. "பிரமு, அத இப்பிடிக் குடு" என்றேன். கொடுத்தாள். குமிழை மூடினேன், வால்வை மூடினேன், சன்னல்களைத் திறந்தேன்.

சமையல் வாயுவுக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்று ஒன்றை வேண்டுமென்றே கலக்கிறார்கள். கசிந்தால் தெரிய வேண்டும், மறைந்திருந்து கொல்லக் கூடாது என்பதற்காக. வருடந்தோறும் இதை நான் வகுப்பில் சொல்வேன். ஏழு மாதமாக இந்த வீட்டில் நான் அந்த நாற்றத்தைத்தான் நீக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மங்கை தலை துவட்டிக்கொண்டு வந்து, "ஏன்பா ஜன்னலெல்லாம் திறந்திருக்கு?" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பிரமு முன்னால் சொல்ல முடியவில்லை. "ரொட்டி வாங்கணும், வா" என்றேன். ஜெயசெல்வியைப் பிரமுவோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போனோம்.

தாவீது கடையில் கூட்டம். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள், நோயாளிக்கு விடுவது மாதிரி.

"வாங்க சார். பாப்பாவா? எப்ப வந்திய?" என்றார் தாவீது. "கேக்கணும்னே இருந்தேன். ஒருத்தர் டெங்குங்காவ, ஒருத்தர் வயிறுங்காவ, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நெசமா யாருக்கு சார் மேலுக்கு முடியல?"

"அப்பாவுக்குத்தான் அண்ணாச்சி" என்று மங்கை சொன்னாள்.

"இல்ல" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

"எனக்கு ஒண்ணுமில்ல. இவ அம்மாவுக்குத்தான் முடியல. தை மாசத்துலருந்து. மறந்து மறந்து போகுது அவளுக்கு. சோடா போட்டது அவ. சீட்டு எழுதுனது அவளுக்காக. நான்தான் யார்ட்டயும் சொல்லல."

தாவீது, "எங்க அப்பனுக்கும் இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு, ரொட்டியை எடுக்கத் திரும்பினார்.

"வெட்டுனது வேண்டாம்" என்றேன். "முழுசா எடுத்து, கனமாக வெட்டித் தாருங்கள். பால்ல முக்க இல்ல. கடிச்சித் திங்க."

எழுத்துத் தமிழில்தான் வந்தது. மனப்பாடம் செய்தது அப்படி.

திரும்பி வரும் வழியில் மங்கை தெருமுனையில் நின்றுவிட்டாள். "ஏழு மாசம், அப்பா. ஏழு மாசமா என்கிட்ட மறைச்சிருக்கீங்க. நான் யாரு உங்களுக்கு?" அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இவள் என் மகள். ஆனால் நான் நோட்டில் எழுதுவதை இவள் வாயால் சொல்லிவிடுகிறாள்.

"சொன்னா அங்க கொண்டு விட்ருவ. அட்ட மாட்டி."

"நானா?"

"அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா. அதச் சொல்லும்போது நல்லாத்தான் இருந்தா."

மங்கை ரொட்டிப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "காலைல ஜன்னல் ஏன் திறந்திருந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். தெருவிலேயே உட்கார்ந்துவிடுவாள் போலிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பலமாகத்தான் பிடித்தாள், இன்னும் வலிக்கிறது.

மங்கை இன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. இந்த வாரம் முழுக்க லீவு சொல்லிவிட்டாள். புதன்கிழமை பிரமுவை அதே டாக்டரிடம் காட்டுகிறோம். இல்லம் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசுவாள். பேசும்போது நான் "ம்" என்று சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மங்கை டப்பாக்களுக்குப் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். "சர்க்கரை"யை "சக்கரை" என்று எழுதியிருக்கிறாள். பட்டம் வாங்கிய பெண்! திருத்தலாமா என்று பேனாவை எடுத்தேன். பிரமு அதன்மேல் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் உச்சரிப்பாள். பேனாவை மூடிவிட்டேன்.

அடுப்பை இனி நான் இல்லாமல் யாரும் பற்றவைப்பதில்லை என்று முடிவு. லைட்டர் என் சட்டைப் பையில்.

ரொட்டி கனமாக இருந்தது. அடியில் ஒன்று, மேலே ஒன்று போதும். வெண்ணெய், துவையல், உருளைக்கிழங்கு, நடுவில் புதைத்த தக்காளி. தாளிப்பில் கடுகு வெடிக்கும்போது பிரமு பக்கத்தில் வந்து நின்றாள். செம்பில் தண்ணீர் நிறைத்து வைக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து ரொட்டியின்மேல் வைத்தாள். மங்கை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று தட்டு. மூன்றிலும் செம்பின் வட்டம் பதிந்திருந்தது.

பிரமு தன் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரொட்டியா? யாருக்கு மேலுக்கு முடியல?"

மங்கை குனிந்துகொண்டாள். பதினைந்து நாளாக நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி.

"யாருக்கும் இல்ல, பிரமு" என்றேன். "நமக்குப் பசி. சாப்பிடு."